மூன்று பேர் என்று எழுதிய வீடு

முதல் கூட்டத்துக்கு வந்தவர்கள் இவ்வளவுதான். வீட்டு இலாகாவின் திட்ட அதிகாரி, ஒரு மலாய்க்காரப் பெண்மணி. கட்டப்போகும் நிறுவனத்திலிருந்து வெள்ளைச் சட்டை போட்ட ஒரு சீன இளைஞர். எங்கள் புளோக்கின் தலைவர் அண்ணே, லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். மூன்றாம் மாடியில் அப்பம் சுட்டு விற்கும் அக்கா. இன்னும் ஏழெட்டுப் பேர். நான்.

வராதவர்கள், மற்ற எல்லோரும். அப்பா வரவில்லை. ஆனால் சாலைக்கு அந்தப் பக்கம் கோப்பிக் கடையில், கூட்டம் நடந்த டேவான் மண்டபத்தின் கதவு தெரிகிற மாதிரி ஒரு நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தார். அம்மா சமையல் என்று சொல்லிவிட்டார். அண்ணன் பாயான் பாரு பக்கம் தொழிற்சாலையில் பகல் ஷிப்ட். அண்ணி வீட்டில்தான் இருந்தார், இரண்டு பெண் குழந்தைகளோடு. ஆனால் அவர் கூட்டத்துக்கு வந்திருக்க முடியாது. இலாகாவின் தாள்களில் அண்ணி எங்கள் வீட்டில் இல்லை.

எங்கள் புளோக் ஜார்ஜ்டவுனில், கடலுக்கு மூன்று சாலை தள்ளி இருந்தது. நான்கு மாடி, அறுபத்து நான்கு வீடு, எல்லாம் வாடகை வீடு. ஒரு படுக்கையறை, ஒரு ஹால், இரண்டு பேர் சேர்ந்து நின்றால் ஒருவர் வெளியே வந்துவிட வேண்டிய குசினி. வாடகை மலிவு. அதற்கு ஒரு சட்டம் இருந்தது. ஒப்பந்தத்தில் பெயர் உள்ளவர்கள் மட்டும்தான் அங்கே குடியிருக்கலாம். கல்யாணமான பிள்ளைகள் வெளியே போய்விட வேண்டும். வெளியே எங்கே போவது? பட்டணத்தில் ஓர் அறைக்கு என்ன வாடகை கேட்கிறார்கள் என்று இலாகாவுக்கும் தெரியும். அதனால் ஒவ்வொரு வீட்டிலும் தாளில் இல்லாத ஆட்கள் இருந்தார்கள். எங்கள் வீட்டில் தாளில் மூன்று பேர்: அப்பா, அம்மா, நான். தரையில் பாய் விரித்தால் ஏழு பேர்.

இலாகா ஆட்கள் வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை சோதனைக்கு வருவார்கள். கீழ் வீட்டிலிருந்து யாராவது உரக்கச் சொல்வார்கள்: "மீன்காரன் வந்துட்டான்!" உண்மையான மீன்காரன் காலை ஏழு மணிக்கே வந்து போய்விடுவான். பத்து மணிக்கு மீன்காரன் வந்தால் அது இலாகா. உடனே பாய்கள் சுருண்டு கதவுக்குப் பின்னால் போகும். அதிகப்படியான பல் துலக்கிகள் அரிசிப் பானைக்குள் போகும். வாசல் செருப்புகளை எண்ணித்தான் ஆள் கணக்குப் பார்ப்பார்கள் என்று எங்களுக்கு ஒரு நம்பிக்கை. செருப்புகளைச் சாக்கில் வாரிக்கொண்டு ஓடுவது சிறுபிள்ளைகள் வேலை. அதிகாரி முன்படியில் ஏற ஏற, நாங்கள் பின்படியில் இறங்குவோம். பள்ளிக்கூடத்தில் எதிலும் தேறுவதற்கு முன்பே இதில் நான் தேறிவிட்டேன்.

எங்கள் வீட்டில் படிப்பு என்று எடுத்துக்கொண்டால் என்னிடமிருந்துதான் தொடங்கும். அப்பா பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை, கைநாட்டுத்தான். அம்மாவும் அப்படியே. அண்ணன் படிவம் மூன்றில் நின்றுவிட்டான். நான் பொலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்து, ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் உற்பத்தித் திட்டப் பிரிவில் சேர்ந்தேன். எந்த லைனுக்கு எத்தனை பொருள், எத்தனை ஆள் என்று முந்தின நாளே கணக்குப் போட்டுக் கொடுக்கிற வேலை. எண் தப்பானால் லைன் நிற்கும் என்று முதல் நாளே சொல்லிக்கொடுத்தார்கள். அதை அப்படியே நம்பினேன். உலகத்தில் எல்லாமே அப்படித்தான் நடக்கிறது என்றும் நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்குக் கூட்டத்தில் அதிகாரி மலாயில், ஆத்திர அவசரம் இல்லாமல் பேசினார். பழைய புளோக்கை இடித்துவிட்டு உயரமாகக் கட்டப்போகிறார்கள். இப்போது இருப்பவர்கள் எல்லோருக்கும் அதே இடத்தில் புது வீடு. மாதாமாதம் கட்டி, கடைசியில் சொந்தமாக்கிக்கொள்ளலாம். "இது இலாகா திட்டம் இல்லை. இலாகா, நிறுவனம், நீங்கள், மூன்று பேரும் கூட்டாகப் போடுகிற திட்டம்" என்றார். பிங்பாங் மேசையில் ஒரு பெரிய வரைபடத்தை விரித்தார். பச்சைப் பொட்டு, சிவப்புப் பொட்டு என்று ஒட்டுத்தாள்கள் கொடுத்தார். எது அப்படியே இருக்க வேண்டுமோ அங்கே பச்சை, எது மாற வேண்டுமோ அங்கே சிவப்பு.

யாரும் அசையவில்லை. கடைசியில் தலைவர் அண்ணே எழுந்து போய், தான் மோட்டார் நிறுத்துகிற இடத்தில் ஒரு பச்சையை ஒட்டினார். பிறகு எல்லோரும் வரிசையாகப் போய் அதைச் சுற்றியே ஒட்டினார்கள்.

"என்னக்கா, எல்லாரும் அங்கியே ஒட்டுறீங்க?" என்று கேட்டேன்.

"தலைவரு ஒட்டுனா சரியாத்தான் இருக்கும் லா" என்றார் ஓர் அக்கா.

சீன இளைஞர் அதைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார். பின்னால் வந்த அறிக்கையில், குடியிருப்பாளர்கள் மோட்டார் நிறுத்துமிடத்தை மிகவும் முக்கியமாகக் கருதுகிறார்கள் என்று ஒரு வரி இருந்தது.

பொட்டு விளையாட்டு முடிந்ததும் அதிகாரி ஆள் கணக்குக்கு வந்தார். வீட்டுக்கு எத்தனை அறை என்பது ஆள் எண்ணிக்கையைப் பொறுத்தது. நான்கு பேர் வரை இரண்டறை. ஐந்து பேரிலிருந்து மூன்றறை. "நாங்கள் வந்து எண்ணப்போவதில்லை. நீங்களே எண்ணிக் கொடுங்கள். ஒப்பந்தத்தில் பெயர் இல்லாவிட்டாலும் எழுதுங்கள். யாரையும் தண்டிக்க மாட்டோம். நீங்கள் கொடுக்கிற எண்ணை நாங்கள் மாற்ற மாட்டோம். கூட்டு என்றால் அதுதான்."

எழுதப் படிக்க, மலாயில் பேச ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. அந்த நிமிடமே நான் செயலாளர். அதிகாரி சொன்ன வாக்குறுதியை ஒரு வார்த்தை விடாமல் கூட்டக் குறிப்பில் எழுதினேன். வெளியே வந்ததும் தலைவர் அண்ணே என் தோளில் கை போட்டார்.

"டேய் தம்பி, அந்தம்மா நல்ல மாதிரிதான் பேசுது. எலிப்பொறியில கருவாடு வெக்கிறவனும் நல்ல மாதிரிதான்டா இருப்பான்."

"இல்லண்ணே, குறிப்புல எழுதியிருக்கேன்."

"எழுதுடா எழுது. நல்லா எழுது" என்று சிரித்துக்கொண்டே போனார்.

எனக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. ஏழு பேர் ஒரு ஹாலில் படுக்கிற வீட்டுக்கு மூன்று அறை. அப்பா அம்மாவுக்கு ஒன்று, அண்ணன் குடும்பத்துக்கு ஒன்று, எனக்கு ஒன்று. அண்ணி கதவைச் சாத்திக்கொண்டு புடவை மாற்றலாம். அன்று இரண்டு மாடிப் படி ஏறுவதற்குள் யாருக்கு எந்த அறை என்று பங்கு பிரித்து முடித்துவிட்டேன்.

ஆள் கணக்குக்கு இலாகா பாரங்கள் கொடுத்தது, வீட்டுக்கு ஒரு படிவம். வேலை முடிந்து வந்து தினமும் நாலைந்து கதவு தட்டினேன். முதல் வீட்டு அக்கா கதவைப் பாதி திறந்தார்.

"எத்தன பேருக்கா?"

"நாலு."

அவருக்குப் பின்னால் ஆறு பேர் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பின்னாடி உக்காந்திருக்கிறது யாருக்கா?"

"விருந்தாளி."

"நான் ஸ்கூலுக்குப் போற காலத்துலேர்ந்து இருக்காங்களே."

"நீ பசியாறிட்டியா? அத மொதல்ல சொல்லு."

அநேகமாக எல்லா வீட்டிலும் இதுவேதான். நாலு, மூணு, நாலு. ஒரு வீட்டில் பெரியவர் ஒருவர் என் பாரத்தையே வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தார், பின்பக்கம் ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று. "ஒங்கப்பா என்னா எழுதுறாரோ அதையே எங்களுக்கும் எழுதிக்க" என்றார். தண்டனை இல்லை, குறிப்பில் இருக்கிறது, பெரிய வீடு கிடைக்கும் என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னேன். தலையாட்டிக் கேட்டார்கள். பிள்ளை நன்றாகப் பேசுகிறான் என்று பாராட்டினார்கள். நாலு என்றார்கள்.

மூன்றாம் மாடி அப்பக்கார அக்கா மட்டும் கதவை முழுசாகத் திறந்து வைத்தார்.

"ஏழு. பேரு சொல்றேன், எழுதிக்க."

"நெசமாவாக்கா?"

"என் மாமியாரு செருப்பு எங்க இருக்கு தெரியுமா? தலகாணிக்கடியில. வயசான காலத்துல அந்தம்மா செருப்ப வாசல்ல விடட்டும்டா. வர்றது வரட்டும்."

அவரைப் பார்த்து இன்னும் நாலு வீடு மட்டும் உண்மையைச் சொன்னது. அந்த வாரமே அக்காவின் கணவர் இலாகாவில் யாரையோ பிடித்துவிட்டார் என்று படிக்கட்டெல்லாம் பேச்சு.

எங்கள் வீட்டுப் பாரத்தைக் கடைசியாக வைத்துக்கொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எல்லோரும் சாப்பிட்டு முடித்ததும் எடுத்தேன்.

"அப்பா, ஏழுன்னு எழுதுறேன்."

"மூணு."

"ஒண்ணும் பண்ண மாட்டாங்கப்பா. கூட்டத்துல சொன்னாங்க. குறிப்புல இருக்கு."

"அந்தக் குறிப்ப யாரு எழுதினா?"

"நான்தான்."

"நீ எழுதுனா அவனுக்குச் சட்டமா?"

அண்ணன் படுத்தபடியே சொன்னான்: "சொல்றதச் செய்டா. லெட்டர் வந்தது மறந்துபோச்சா?"

மறக்கவில்லை. அண்ணனுக்குக் கல்யாணமான மறு வருஷம் ஒரு சோதனையில், கொடியில் காய்ந்த அண்ணியின் சுடிதாரை அதிகாரி பார்த்துவிட்டார். அம்மாவின் உடை இல்லை என்று யாருக்கும் தெரியும். இன்னொரு தடவை நடந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று கடிதம் வந்தது. அதைப் படித்து அர்த்தம் சொன்னதும் நான்தான். உடனே அண்ணன் தன் அடையாள அட்டையின் முகவரியைக் கூலிமுக்கு, அண்ணியின் அம்மா வீட்டுக்கு மாற்றிக்கொண்டான். பிறகு பிறந்த குழந்தைகளின் பிறப்புப் பத்திரத்திலும் கூலிம்தான்.

 அண்ணி பெரியவளின் தலையில் பேன் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டார்.

அப்பா சொன்னதால்தான் மூன்று என்று எழுதினேன் என்று பல வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மை இல்லை. இன்னொன்றும் இருந்தது. மற்ற வீடுகளுக்கு அநேகமாக நாலும் மூன்றுமாக எழுதிவிட்டு, செயலாளர் வீட்டுக்கு மட்டும் ஏழு என்று எழுதினால் என்ன சொல்வார்கள்? தனக்கு மட்டும் பெரிசாக எழுதிக்கொண்டான் என்பார்கள். படித்த திமிர் என்பார்கள். அந்தப் பேச்சு என் காதில் முன்கூட்டியே கேட்டது. மூன்று என்று எழுதினேன். அப்பா கட்டை விரலை மையில் அழுத்தி, பாரத்தில் வைத்தார்.

எல்லாப் பாரங்களையும் ஒரு கட்டாக இலாகாவில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதிகாரி ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். நேரம் எடுத்துக்கொண்டார். அறுபத்து நான்கு வீட்டில் நான்குக்கு மேல் எழுதியவை ஐந்தே வீடுகள்.

"அடிக்," என்றார். தம்பி என்று அர்த்தம், அப்படித்தான் என்னைக் கூப்பிடுவார்; நான் அவரைப் புவான், அதாவது மேடம், என்பேன். "இந்த எண்கள் சரிதானா?"

"சரி, புவான்."

அவர் உடனே தாள்களை மூடவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று இடம் விட்டுக் காத்திருந்தார் என்று இப்போது தெரிகிறது. அப்போது அறுபத்து நான்கு கதவுகளின் நம்பிக்கையைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். அவர் முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்.

பட்டியல் ஏழெட்டு மாதம் கழித்து டேவான் சுவரில் ஒட்டப்பட்டது. முதல் கூட்டத்துக்கு வராதவர்கள் எல்லோரும் அன்றைக்கு வந்திருந்தார்கள். அப்பாவும் வந்தார். படிக்கத் தெரியாததால் என் பக்கத்திலேயே நின்றார். அறை எண்ணிக்கைக்கான கட்டத்தில் மேலிருந்து கீழே வரை இரண்டு, இரண்டு, இரண்டு. அங்கங்கே ஒரு மூன்று. தண்டனை எதுவும் இல்லை. ஒருவரையும் எதுவும் கேட்கவில்லை. நாங்கள் கொடுத்த எண்ணை அப்படியே மதித்திருந்தார்கள்.

விருந்தாளிகள் வைத்திருந்த முதல் வீட்டு அக்காதான் ஆரம்பித்தார்.

"படிச்ச புள்ளன்னு ஒன்ன அனுப்புனோமே, இப்பிடிப் பண்ணிட்டு வந்து நிக்கிறியே!"

"நீங்க சொன்னதத்தானேக்கா எழுதுனேன்."

"நாங்க சொல்லுவோம்டா. நாங்க பயந்த சனம், வாயில வந்தத சொல்லுவோம். நீ படிச்சவன்தானே? எது நெசம்னு ஒனக்குத் தெரியாதா? எங்க வீட்டுல எத்தன பேருன்னு ஒனக்குத் தெரியாதா?"

தெரியும். ஒவ்வொரு வீட்டின் செருப்பு எண்ணிக்கையும் எனக்குத் தெரியும்.  யாரோ பின்னாலிருந்து, "அவன் வீட்டுக்கு எத்தன ரூமு போட்டிருக்கான் பாரு" என்றார்கள். பார்த்தார்கள். இரண்டு. அதற்குப் பிறகு என்னைத் திட்டுவதில் அவர்களுக்கு ருசியில்லாமல் போய்விட்டது. ஒவ்வொருவராக வெளியே போனார்கள். திட்டிக்கொண்டே இருந்திருக்கலாம்.

மேல்முறையீட்டுக்கு இரண்டு வாரம் கொடுத்தார்கள். அதிகப்படியான ஆட்கள் இங்கேதான் இருக்கிறார்கள் என்பதற்கு முகவரி போட்ட ஏதாவது ஒரு தாள் வேண்டும். ஒரு தாளும் சிக்காமல் வாழ்வதில்தான் நாங்கள் அத்தனை வருஷம் கவனமாக இருந்தோம். கையில் ஏதோ அகப்பட்ட நாலு குடும்பம் தப்பித்தது. அண்ணனுக்குக் கூலிம், அண்ணிக்குக் கூலிம், குழந்தைகளுக்குக் கூலிம். பக்கத்து வீட்டார் சாட்சி சொல்லலாமா என்று கேட்டேன். "எனக்குத் தெரியும், அடிக். எனக்கே தெரியும். ஆனால் தாள் வேண்டும்" என்றார் அதிகாரி. நிராகரிப்பு இரண்டு வரியில் வந்தது.

செயலாளர் பதவியிலிருந்து யாரும் என்னை நீக்கவில்லை. புளோக் வாட்ஸ்அப் குழுவில் அறுபத்தொரு பேர் இருந்தோம். ஒருவரும் வெளியேறவில்லை. காலி செய்ய வேண்டிய தேதி, லோரி வரும் நேரம், வாடகை உதவித்தொகைக்கு நிரப்ப வேண்டிய பாரம் எல்லாவற்றையும் தமிழில் விளக்கி அதில் போட்டேன். படித்ததற்கு அடையாளமாக நீல நிறக் குறி வரும். முன்பெல்லாம் "ஓகே தம்பி", "நன்றிடா", காலை வணக்கத்துக்கு ஒரு ரோஜாப்பூ என்று வந்துகொண்டே இருக்கும். இப்போது ஒன்றும் இல்லை. அவர்கள் வேறொரு குழு தொடங்கிவிட்டார்கள் என்று ஒரு மாதம் கழித்து அம்மாவின் கைப்பேசியில்தான் பார்த்தேன். அம்மாவைச் சேர்த்திருந்தார்கள். காலி செய்கிற தேதி வரை பழைய குழுவில் நான் தொடர்ந்து எழுதினேன். நிறுத்தினால் தப்பை ஒத்துக்கொண்டதாகிவிடும் என்று ஒரு பிடிவாதம்.

அப்போது இன்னொரு கடிதம் வந்தது. தகுதிக்கு மேல் ஓர் அறை வேண்டும் என்கிறவர்கள் விலை வித்தியாசத்தை முன்கூட்டியே மொத்தமாகக் கட்டலாம். ஆயிரக்கணக்கான மலேசிய வெள்ளி. அந்தத் தொகையை அப்பா என்னை மூன்று தடவை படிக்கச் சொன்னார்.

"கட்டிடலாம்" என்றார்.

"அவ்வளவு காசுக்கு எங்கப்பா போறது?" என்றான் அண்ணன்.

"ஏழு பேரும் ஒரே கதவுக்குள்ள இருக்கணும். வேறென்னத்துக்கு வீடு?"

அப்பாவின் சேமநிதியில் மிச்சம் இருந்தது போனது. அண்ணன் கூட்டுறவில் கடன் எடுத்தான். நான் பகுதிநேரப் பட்டப்படிப்புக்காக ஒதுக்கி வைத்திருந்ததைக் கொடுத்தேன். "படிப்பு?" என்றார் அம்மா. "அப்புறம் பாத்துக்கலாம்மா" என்றேன். அந்த வீட்டில் என் படிப்பைப் பற்றி வேறு யாரும் பேசவில்லை. 

இடிப்பதற்கு முன்னால் எல்லோரும் பிரிந்தோம். அப்பாவும் அம்மாவும் ஆயர் ஈத்தாமில் ஒரு சின்ன வாடகை வீட்டுக்கு. அண்ணிக்குக் கடற்பாலம் தாண்டி, பத்து காவான் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது, அண்ணன் குடும்பம் அங்கே. நான் பாயான் பாருவில் ஓர் அறையில் பாதிக்கு. மீதிப் பாதி, இரவு ஷிப்ட் பார்க்கிற ஒரு பையனுக்கு. நான் வரும்போது அவன் போயிருப்பான், அவன் வரும்போது நான் போயிருப்பேன். நாற்காலியில் தொங்கும் ஈரத்துண்டைத்தான் எனக்குத் தெரியும். ஒருநாள் அது வேறு நிறமாக இருந்தது. ஆள் மாறிவிட்டானா, துண்டு மாறிவிட்டதா என்று கேட்கக்கூட எனக்கு ஆள் இல்லை.

பிறந்ததிலிருந்து மற்றவர்கள் மூச்சுக்கு நடுவில் தூங்கியவனுக்கு ஓர் அறையில் தனியாகத் தூக்கம் வராது. அதை அங்கேதான் தெரிந்துகொண்டேன். வேலையில் உட்கார்ந்து தூங்கி வழிந்தேன். சாப்பாட்டுக் கடையில் ஒரே ஆள் என்று சொன்னால் சுவரைப் பார்த்த மேசையைக் காட்டுவார்கள். ஞாயிறுகளில் மோட்டாரில் பாலம் தாண்டிப் பத்து காவானுக்குப் போவேன். நடுப்பாலத்தில் காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். ஆரம்பத்தில் குழந்தைகள் "சித்தப்பா" என்று ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டார்கள். ஒரு வருஷம் போனது. ஒருநாள் பெரியவள் வண்ணம் தீட்டிக்கொண்டே தலை நிமிராமல் கேட்டாள்: "சித்தப்பா, நீங்க எப்போ போவீங்க?" கோபமாகவெல்லாம் இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

தைப்பூசத்துக்கு எங்கள் புளோக்காரர்கள் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகிற சாலையில் வருஷா வருஷம் பந்தல் போட்டுச் சாப்பாடு கொடுப்பார்கள். சின்ன வயசிலிருந்து அந்தப் பந்தலில்தான் எனக்குத் தைப்பூசம். வீடு கலைந்த பிறகும் பந்தல் நிற்கவில்லை. எந்த இடத்தில் என்று மட்டும் எனக்கு யாரும் சொல்லவில்லை. கூட்டத்தோடு நடந்து, ஒவ்வொரு பந்தலாகப் பார்த்துக்கொண்டே போனேன். தலைவர் அண்ணேயைத் தூரத்திலேயே அடையாளம் தெரிந்தது. சாப்பாட்டுப் பொட்டலங்களைப் போகிறவர் வருகிறவர்களுக்கு நீட்டிக்கொண்டிருந்தார். நான் முன்னால் போய் நின்றேன். ஒரு நொடி பார்த்தார்.

"எடுத்துக்குங்க" என்று ஒரு பொட்டலத்தை நீட்டினார்.

என்னை வாழ்நாள் முழுக்க "டேய்" என்று கூப்பிட்ட மனிதர். பொட்டலத்தை வாங்கிக்கொண்டு நகரப்போனேன். பின்னாலிருந்து அப்பக்கார அக்காவின் குரல்.

"டேய், எங்கடா போற? வெங்காயம் நறுக்க ஆளில்லாம கெடக்குது இங்க!"

போய் உட்கார்ந்தேன். கத்தியைக் கையில் கொடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "ஒன் மேல தப்பே இல்லன்னு நான் சொல்ல மாட்டேன். நறுக்கு."

இரண்டு மணி நேரம் நறுக்கினேன். சுற்றிலும் நான் வளர்ந்த வீடுகளின் பேச்சும் சிரிப்பும். என்னைத் தாண்டித் தாண்டி ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டார்கள். கண்ணைத் துடைத்தாலும் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள், வெங்காயம் என்று நினைத்துக்கொள்வார்கள். அந்த வரைக்கும் வசதியாக இருந்தது. கிளம்பும்போது அக்கா மட்டும் தலையசைத்தார்.

மூன்று வருஷம் என்று சொன்ன கட்டடம் நான்கு வருஷத்துக்கு மேல் எடுத்தது. அதற்குள் ஏறிய விலையையும் எங்களிடம் கேட்டு வாங்கினார்கள். சாவி வாங்குகிற நாளில் அப்பா வெள்ளை வேட்டி கட்டி வந்தார். பதினேழாம் மாடி. மின்தூக்கியில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். கதவைத் திறந்ததும் அப்பா முதலில் மூன்றாவது அறைக்குத்தான் போனார். நாலு மூலையிலும் நின்று பார்த்தார். அடுத்த வாரமே குழந்தைகளுக்கென்று இரண்டடுக்குக் கட்டில் ஒன்று வாங்கிப் போட்டார், ரோஜா நிறத்தில். எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை.

பால் காய்ச்ச அண்ணன் குடும்பத்தோடு வந்தான். எல்லோரும் சாப்பிட்டோம். ஏழு பேரும் ஹாலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தோம், நீட்டினாலும் யார் காலும் யார் மேலும் படவில்லை. அப்பா கேட்டார்:

"சாமானெல்லாம் எப்போ கொண்டாறீங்க?"

அண்ணன் அண்ணியைப் பார்த்தான். அண்ணி கட்டிலில் ஏறி விளையாடும் குழந்தைகளைப் பார்த்தார்.

"அப்பா, பெரியவ அங்க ஸ்கூல்ல சேந்துட்டா. சின்னவ அடுத்த வருசம். இவளுக்கு லைன் லீடர் குடுத்திருக்காங்க. தெனம் பாலம் தாண்டி எப்பிடிப்பா?"

"அப்போ?"

"லீவுக்கு வரோம் லா. தீபாவளிக்கு வருவோம். எங்க போயிடுவோம்?"

அப்பா, "சரி" என்றார். சின்னவள் கட்டிலை விட்டு இறங்க மாட்டேன் என்று அழுதாள். அண்ணன் தூக்கிக்கொண்டு போனான்.

அது நடந்து, அப்பா அம்மாவோடு நானும் இங்கே குடிவந்து, ஒரு வருஷம் ஆகப்போகிறது. என்னைக் குற்றம் சொல்லி அப்பா ஒரு வார்த்தை பேசியதில்லை. யாராவது வீட்டுக்கு வந்தால் மூன்று அறையையும் திறந்து காட்டுவார். கீழே மின்தூக்கிக்கு நிற்கும்போது பழைய புளோக்காரர்கள் வருவார்கள். இரண்டறை வீட்டுக்குள் ஏழெட்டுப் பேர் இன்னும் பாய் விரித்துப் படுக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். எந்த மாடி என்று ஒருவருக்கொருவர் கேட்டுப் பொத்தானை அழுத்துவார்கள். என் பொத்தானை நானே அழுத்திக்கொள்வேன்.

போன மாதம் அப்பா சொன்னார்: "அந்த ரூமு சும்மாத்தானே கெடக்குது. காத்து நல்லா வருது. நீ அதுல படுத்துக்க."

கீழ்க்கட்டிலில் படுத்தேன். ஆறேழு வயசுக்குச் செய்த கட்டில், முழங்காலை மடக்கித்தான் படுக்க முடியும். காலையில் ஜன்னலைத் திறந்தால் கடல், கடலைத் தாண்டி அக்கரை. பத்து காவான் இன்னும் தெற்கே, இங்கிருந்து தெரியாது. இந்த வீட்டில் அதுவரை நான் படுத்த அறையை இப்போது அம்மா துணி காயப்போட வைத்துக்கொண்டார். ஆக மூன்று அறையிலும் ஏதோ இருக்கிறது. நான்கு வருஷத்தில் ஏறிய விலையும் சேர்த்து, இந்த ஓர் அறைக்காக நாங்கள் கடைசியில் கட்டியது முப்பத்தேழாயிரத்து நானூறு வெள்ளி.